ஸ்டாலாக் ரிடிமைக் காதால் கண்டுபிடிப்பது எப்படி

ஜமைக்கா இசையான ரெகே கேட்க ஆரம்பித்த புதிதில் எல்லாருக்கும் வரும் சந்தேகம்தான், இதே பாட்டை வேறு குரலில் கேட்டிருக்கிறோமே என்று. கேட்டது பாட்டை இல்லை, ரிடிமை. பேஸும் டிரம்ஸும் சேர்ந்த பின்னணிக்கு ஜமைக்காவில் அந்தப் பேர். நம்ம ஊரில் தெரிந்த மெட்டுக்குப் புது வரி போடுவோம், அங்கே பின்னணியை வைத்துக்கொண்டு மெட்டையும் வரியையும் மாற்றிவிடுவார்கள்.

பழகுவதற்கு 'ஸ்டாலாக் 17' நல்லது. வின்ஸ்டன் ரைலி தயாரித்து, 1973-இல் அன்செல் காலின்ஸ் பேரில் வந்த இசை, பாடகரே கிடையாது. முதலில் அதை மட்டும் நாலு தடவை கேளுங்கள். போன் ஸ்பீக்கர் வேண்டாம், பேஸ் செத்துப்போகும். ஹெட்போன் போடுங்கள், குளச்சல் பக்கம் திருவிழாவுக்குக் கட்டுகிற பெரிய பாக்ஸ் கிடைத்தால் சொல்லவே வேண்டாம். பேஸை வாயால் முனகிப் பழகுங்கள்.

அப்புறம் சிஸ்டர் நான்சியின் 'பாம் பாம்' (1982), டெனர் சாவின் 'ரிங் தி அலாரம்' (1985) இரண்டையும் போட்டு, குரலைக் கண்டுகொள்ளாமல் முனகலைத் தொடருங்கள். ஒட்டினால் அதே ரிடிம்.

நான் முட்டம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து 'ஸ்டாலாக் 17'-இல் கேட்ட ஆர்கனை (கீபோர்டு மாதிரி வாத்தியம்) மற்ற பாட்டுகளில் தேடித்தேடி ஏமாந்தவன். ஆர்கனைத் தூக்கிவிடுவார்கள், வேகத்தைக் கூட்டுவார்கள், மொத்தத்தையும் புதிதாக வாசித்துக்கூடப் பதிவு செய்வார்கள், பேஸை மட்டும் விடமாட்டார்கள்.

சரி, கடைசியாக ஒரு சோதனை. கான்யே வெஸ்டின் 'ஃபேமஸ்' (2016) முடிகிற இடத்தில் நான்சியின் குரல் வரும். அங்கே உங்கள் முனகல் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.