பழைய ஃப்ளாஷ் பாடத்திலிருந்து தமிழ் எழுத்தை மீட்பது எப்படி?

ஏற்காட்டு காபி எஸ்டேட் மேஸ்திரிகளுக்காக 2010-க்கு முன் செய்த கணினிப் பாடம் ஒன்று, பழைய சிடியில் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிழல் மரம், கவாத்து, காபிச் செடியைத் துளைக்கும் தண்டுத் துளைப்பான் பூச்சி எல்லாம் அதில் உண்டு. ஆனால் திறந்தால் எதுவும் ஓடாது. 2020 டிசம்பர் 31-உடன், இத்தகைய பாடங்களை ஓட்டும் ஃப்ளாஷ் பிளேயர் மென்பொருளுக்கு அடோபி முழுக்குப் போட்டுவிட்டது. பாடம்தான் ஓடாதே தவிர, எழுத்து உள்ளேயேதான் இருக்கிறது. உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம்.

படி 1: மூலக் கோப்பைத் தேடுங்கள்

சேலத்தில் யார் செய்து கொடுத்தார்களோ அவர்களிடம் பவர்பாயின்ட் கோப்போ, பாடம் தயாரிக்கும் மென்பொருளான கேப்டிவேட்டின் கோப்போ ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் பாதி வேலை மிச்சம். எழுத்தை மறுபடி பயன்படுத்த உரிமை யாரிடம் என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

படி 2: பொட்டலத்தைப் பிரியுங்கள்

இத்தகைய பாடங்கள் பெரும்பாலும் ஸ்கார்ம் என்ற கணினிப் பாடத் தரத்தில் இருக்கும். ஸ்கார்ம் பாடம் என்பது ஒரு ஜிப் கோப்புதான். நகல் எடுத்து, செவன்-ஜிப்பில் விரியுங்கள். ‘ஐஎம்எஸ்மேனிஃபெஸ்ட்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பை நோட்பேடில் திறந்தால் பாடத் தலைப்புகள் வரிசையாகத் தெரியும். அந்த வரிசையைத் தனியே எழுதி வையுங்கள், பின்னால் கட்டாயம் தேவைப்படும்.

படி 3: எழுத்தை எடுங்கள்

எச்டிஎம்எல் பக்கம் என்றால் பிரவுசரில் திறந்து நகலெடுத்தால் போதும். எஸ்டபிள்யூஎஃப் (ஃப்ளாஷ்) கோப்பு என்றால், அதைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுக்கும் ‘ஜேபிஇஎக்ஸ்எஸ்’ என்ற இலவச ஃப்ளாஷ் டிகம்பைலர் வேண்டும். கோப்பைத் திறந்ததும் இடப்பக்க மரத்தில் ‘டெக்ஸ்ட்ஸ்’ என்ற அடைவு இருக்கும். அதை ரைட் கிளிக் செய்து, வெறும் எழுத்தாக ஏற்றுமதி செய்யுங்கள். வருவது திரை வரிசையில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். முன்பு எழுதி வைத்த பட்டியலை வைத்து அடுக்குங்கள்.

அடைவு காலியாக இருந்தால், எழுத்தைப் படமாக மாற்றியிருப்பார்கள், அல்லது பக்கத்திலுள்ள எக்ஸ்எம்எல் கோப்பில் வைத்திருப்பார்கள். முதலில் எக்ஸ்எம்எல்லைப் பாருங்கள். படம்தான் என்றால், ஃப்ளாஷ் பிளேயருக்குப் பதிலாக ஓடும் ‘ரஃபிள்’ என்ற இலவச மென்பொருள் மூலம் பாடத்தை ஓட்டித் திரையைப் படம் பிடித்து, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறங்கள். தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கும்.

படி 4: கிறுக்கலைத் தமிழாக்குங்கள்

தமிழ்ப் பாடம் என்றால் உண்மையான தலைவலி இங்கேதான். அந்தக் காலப் பாடங்கள் பலவற்றில் பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று யூனிகோடுக்கு முந்தைய ஏதோ ஒரு குறியாக்கம் (எழுத்தைக் கணினியில் சேமிக்கும் முறை) இருக்கும். அதனால் வெளியே வருவது ஆங்கில எழுத்துக் குப்பை போலத் தெரியும். பயப்பட வேண்டாம், எழுத்துருவின் பெயர் தெரிந்தால் போதும். ஜேபிஇஎக்ஸ்எஸ்ஸின் ‘ஃபான்ட்ஸ்’ அடைவில் அது இருக்கும்; அதை வைத்துக் குறியாக்கம் எதுவென்று ஊகிக்கலாம். பிறகு பழைய தமிழ்க் குறியாக்கங்களை மாற்றும் என்எச்எம் கன்வர்ட்டர் மென்பொருளில் அந்தக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு வரியை யூனிகோடுக்கு மாற்றிப் பாருங்கள். ‘கவாத்து’ ஒழுங்காக வந்தால் மீதியையும் போடுங்கள்.

பாமினியில் ஒரு வம்பு உண்டு. ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உட்கார்ந்திருப்பதால், நடுவில் வரும் உண்மையான ஆங்கிலச் சொல்லும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். மருந்துப் பெயர், அளவுக் குறியீடு வரும் வரிகளைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

படி 5: சரிபார்த்து அட்டவணையில் போடுங்கள்

எக்செல்லில் பாடம், திரை, எழுத்து, நிலை என நாலு பத்தி போதும். ‘நிலை’ பத்தியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். அந்தக் காலப் பாடம், வெள்ளைத் தண்டுத் துளைப்பானுக்கு லிண்டேன் என்ற பூச்சிமருந்தைத் தடவச் சொல்லக்கூடும். இந்தியாவில் அந்த மருந்தின் பயன்பாடு 2013 மார்ச் 25 முதல் தடை. அத்தகைய வரியைச் சத்தமில்லாமல் அழிக்காமல் சிவப்பில் குறித்து, காபி வாரியத்தின் இப்போதைய பரிந்துரை தெரிந்தவரிடம் அனுப்புங்கள். கவாத்து, நிழல் பற்றிய வரிகளையும் அவரே ஒருமுறை பார்த்துவிட்டால், புதுப் பாடத்தில் ஏற்றலாம்.