அடுத்த வீட்டார் நம் பிள்ளையைக் கண்டிக்கலாமா? அடுக்குமாடியில் வாழும் பெற்றோருக்கு

என் அம்மா மலேசியாவின் சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர். விடியுமுன் பெரியவர்கள் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) போய்விட, கைக்குழந்தைகளையும் சிறுவர்களையும் ஆயாக் கொட்டகையில் ஒரு பாட்டி பார்த்துக்கொள்வாராம். அவருடைய அதட்டலுக்கு அடங்காத பிள்ளை லயத்திலேயே இல்லை என்று அம்மா சொல்வார். நான் கோலாலம்பூரில், செந்தூல் ரயில்வே குவார்ட்டர்சில் வளர்ந்தேன். பக்கத்து வீட்டு அத்தை காதைத் திருகியதை வீட்டில் சொல்ல மாட்டோம், சொன்னால் மற்றக் காதும் சிவக்கும். என் மகனோ அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் வளர்கிறான். அவனை எதிர்வீட்டு அங்கிள் ஒரு நாள் அதட்டியபோது, என்ன நடந்தது என்று கேட்கக்கூடத் தோன்றாமல், "உங்க வேலையப் பாருங்க அங்கிள்" என்று சொல்லிக் கதவைச் சாத்தியவன் நான்.

மறுநாள் காலை கீழே ஊஞ்சலுக்குப் பக்கத்தில், தே ஐஸ் (குளிர்ந்த தேநீர்) கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பை ஒன்று வெடித்துக் கிடந்தது. அதன் சிவப்புக் கயிறு ஊஞ்சல் சங்கிலியில் சுற்றியிருந்தது. அதில் தண்ணீர் நிரப்பி மேலிருந்து எறிந்தவன் என் மகன். 2018 சனவரியில் பந்தாய் டாலாம் அடுக்குமாடி ஒன்றில் மேலிருந்து விழுந்த நாற்காலி 15 வயதுப் பையனின் உயிரைப் பறித்ததை இந்த நகரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அங்கிள் அன்று அதட்டியது சரிதான். அதன் பிறகு எங்கள் மாடியில் நான்கு வீட்டார் பேசி வைத்துக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காலத்துப் பிள்ளைகள் ரோத்தானுக்கு, அதாவது பிரம்புக்கு, பயந்து ஒழுங்காக இருந்தார்கள் என்று பலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயாக் கொட்டகைப் பாட்டி முதலில் கஞ்சி ஊட்டினார், மூக்கைத் துடைத்தார், தொட்டிலாட்டினார். அதட்டல் அதற்குப் பிறகு வந்தது. அத்தை வீட்டில் நான் தின்ற தோசைக்குக் கணக்கே கிடையாது. சோறு போடாத கை காதைத் திருகினால் பிள்ளைக்கு வலி மட்டுமே மிஞ்சும். ஆகவே, அண்டை வீட்டார் கண்டிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள், முதலில் அந்த வீட்டுக்கும் பிள்ளைக்கும் கொடுக்கல் வாங்கலை உண்டாக்க வேண்டும். தீபாவளி முறுக்கு மட்டும் போதாது. மழை நாளில் துணி எடுத்துவைப்பது, பள்ளி பஸ் தாமதமானால் பிள்ளை அரைமணி நேரம் உட்கார ஓர் இடம், ஒரு சாவியை ஒப்படைத்து வைப்பது போன்ற சின்னச் சின்னக் காரியங்களே உறவைக் கட்டும். முஸ்லிம் வீட்டுக்குச் சமைத்ததைக் கொடுக்கத் தயக்கமிருந்தால் பழம் கொடுக்கலாம். ரம்புத்தானுக்கு யாரும் மறுப்பு சொல்வதில்லை.

இரண்டு மூன்று மாதம் இப்படிப் போன பிறகு, வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். லயத்தில் இந்தப் பேச்சு தேவைப்படவில்லை. எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே கோயில், ஒரே பள்ளிக்கூடம் என்றிருந்ததால் எது தப்பு என்பதிலும் கருத்து வேறுபாடு குறைவு. இங்கே ஒரே நடைவழியில் மலாய்க்கார மாக்சிக் (அத்தை), சீனக் குடும்பம், நேற்றுக் குடிவந்த வாடகைக்காரர் என்று பலர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இவன் படியிலயோ லிஃப்ட்டிலயோ ஆபத்தா எதாவது செஞ்சா அதட்டுங்க, கை மட்டும் வைக்க வேண்டாம், அன்னிக்கு ராத்திரியே எனக்குச் சொல்லுங்க" என்று சொன்னால் போதும். அதட்டும் உரிமையை நாம் கொடுப்பதைப் பிள்ளை தன் காதால் கேட்க வேண்டும் என்பதே முக்கியம். எதற்கெல்லாம் அதட்டலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்: மேலிருந்து எறிவது, லிஃப்ட்டில் விளையாடுவது, கார் நிறுத்துமிடத்தில் ஓடுவது, சின்னப் பிள்ளைகளை அடிப்பது. தேர்வு மதிப்பெண், உடம்பின் பருமன், தோல் நிறம், வீட்டுச் சண்டை ஆகியவை அண்டை வீட்டாரின் பேச்சுக்கு வெளியே இருக்கட்டும். இவற்றை எடுக்கும் பெரியவர்கள் நம்மிடையே குறைவில்லை.

கடினமானது புகார் வரும் நேரம். வாசலில் ஒருவர் நிற்க, பின்னால் பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க, நமக்கு மானம் போனதுபோல் இருக்கும். அப்போது இரண்டு தவறுகள் நேரும். ஒன்று நான் செய்தது. மற்றது, வந்தவர் முன்னாலேயே பிள்ளையை அடித்து, நல்ல பெற்றோர் என்று காட்டிக்கொள்வது. அதற்குப் பின் அந்த அண்டை வீட்டார் பாவம் பார்த்து எதையும் சொல்லவே வரமாட்டார். முழுவதையும் கேளுங்கள், நன்றி சொல்லுங்கள், விசாரித்துவிட்டு நாளைக்குள் வந்து சொல்வதாகச் சொல்லி அனுப்புங்கள், சொன்னபடி போங்கள். பிள்ளையிடம் தனியாக, வந்தவர் சொன்னதை முதலில் சொல்லாமல், "என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டால் பாதிக்கு மேல் தானாக வெளியே வரும்.

எங்கள் வீட்டிலும் சமையலறை ஆணியில், பலசரக்குக் கடையில் வாங்கிய, பச்சைப் பிளாஸ்டிக் பிடி போட்ட ரோத்தான் தொங்கியது. அதை நான் எடுத்துவிட்டதற்குச் சட்டம் ஒரு காரணம். சிறார் சட்டம் 2001, பிள்ளையைப் பராமரிப்பவரே அதற்கு உடலிலோ மனத்திலோ ஊறு விளைவித்தால் தண்டிக்கிறது. 2016-இல் திருத்தியபோது அபராதத்தின் உச்சவரம்பை 50,000 ரிங்கிட்டாகவும் சிறையை 20 ஆண்டாகவும் உயர்த்தினார்கள். பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை தொடர்ந்து அடிபடுவது கேட்டால், "குடும்ப விஷயம்" என்று ஒதுங்காமல் தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசியின் 15999 எண்ணை அழையுங்கள். இன்னொரு காரணம், அடி வாங்கிய பிள்ளை கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறது. என் மகன் ஒரு மாதம் அந்த அங்கிள் வீட்டுக் குப்பையையும் சேர்த்துக் கீழே கொண்டுபோய்ப் போட்டான். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். மூன்றாவது வாரம் அங்கிள் அவனுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

குடியிருப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவைப் பற்றி ஒரே ஒரு விதி: பிள்ளை செய்த தப்பைப் படமோ காணொளியோ எடுத்து அங்கே போடக் கூடாது. காதைத் திருகியது அன்றே ஆறிவிட்டது, காணொளி ஆறாது.

கண்டிப்பு மட்டுமே இருக்கும் இடத்தில் பிள்ளைக்குப் பற்று வராது என்பதால் வேலையும் கொடுங்கள். குடியிருப்பார் சேர்ந்து துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங் நாளில் பிள்ளைகளை வீட்டில் டேப்லெட்டுடன் பூட்டி வைக்காமல், ஒவ்வொருவருக்கும் ஒரு படிக்கட்டைப் பெயர் சொல்லி ஒப்படைக்கலாம். தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படி ஏறிவிட்டு வருவதோடு நிறுத்தாமல், தண்ணீர்ப் பந்தலில் இரண்டு மணி நேரம் குவளை நிரப்பவும், பிறகு கீழே கிடக்கும் குவளைகளைப் பொறுக்கவும் வைக்கலாம். தானே பொறுக்கிய பையன் அடுத்த முறை எறியுமுன் கையைப் பார்க்கிறான்.

வாடகை வீடுகளில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் இந்த ஏற்பாட்டை ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். புதிதாகக் குடிவந்தவர் வீட்டுக்கு முதல் வாரத்திலேயே பிள்ளையின் கையில் ஒரு தட்டைக் கொடுத்து அனுப்புங்கள். தட்டு ஏதாவது ஒன்றைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தால் பேச்சைத் தொடங்கலாம். வெறுமனே வந்தால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.