ஒரு கோப்பையோடு நின்றுவிடாத பெண்கள் கூடைப்பந்து அணியைக் கட்டுவது எப்படி?

ஒருமுறை கோப்பை வெல்வது வேறு. ஏழு ஆண்டுகளில் ஆறு முறை இறுதிப் போட்டிக்குப் போய், அதில் நான்கு முறை வென்று வருவது வேறு. அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான டபிள்யூ.என்.பி.ஏ.-வில் மினசோட்டா லிங்ஸ் அணி இதைச் செய்துகாட்டியது. 2011, 2013, 2015, 2017 என நான்கு கோப்பைகள். 2012-லும் 2016-லும் இறுதியில் தோற்றது. 2014-ல் மட்டும் இறுதிக்கு முந்தைய சுற்றோடு திரும்பியது. இத்தனைக்கும் 1999-ல் தொடங்கிய இந்த அணி, முதல் பன்னிரண்டு சீசன்களில் பிளே-ஆஃப், அதாவது சீசன் முடிவில் முன்னணி அணிகள் மட்டும் மோதும் சுற்றுகள், பக்கம் போனது இரண்டே முறை.

கூடைப்பந்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு அணியை நாமே உட்கார்ந்து கட்டுவது போலப் படிப்படியாகப் போவோம். ஒரு தாளும் பேனாவும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். நடுவில் தேவைப்படும்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

களத்தில் ஒரு அணிக்கு ஐந்து பேர். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர் பாயின்ட் கார்டு. வளையத்துக்கு அடியில் உயரத்தையும் உடல் பலத்தையும் வைத்து ஆடுபவர் சென்டர். மீதி மூன்று பேர் இன்னொரு கார்டும் இரண்டு ஃபார்வர்டுகளும். பெஞ்சையும் சேர்த்தால் அணியில் மொத்தமே சுமார் பன்னிரண்டு பேர்தான். ஒரே ஒரு தவறான ஆளைச் சேர்த்தாலும் அது களத்தில் தெரிந்துவிடும்.

ஆள் சேர்க்க முக்கியமான வழி டிராஃப்ட். கல்லூரி முடித்து வருபவர்களை அணிகள் வரிசை போட்டுத் தேர்ந்தெடுக்கும். பிளே-ஆஃப் போகாத அணிகளுக்கு லாட்டரி நடத்தி முதல் சில இடங்களைக் கொடுப்பார்கள். அந்த இடத்தையே இன்னொரு அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு ஆளை வாங்கவும் செய்யலாம். அப்புறம், சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. முதலாளியிடம் பணம் இருக்கிறது என்பதற்காக எல்லா நட்சத்திரங்களையும் அள்ளிக்கொண்டு வர முடியாது.

படி 1: பயிற்சியாளரைப் பிடியுங்கள், பிடித்தவரை விடாதீர்கள்

சைமோன் அகஸ்டஸ் 2006 டிராஃப்டில் முதல் ஆளாக லிங்ஸுக்கு வந்தார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் அவர்தான். அவ்வளவு திறமை இருந்தும் முதல் ஐந்து சீசனில் அவர் ஒரு பிளே-ஆஃப் ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த ஐந்து சீசனில், இடைக்காலப் பொறுப்பில் இருந்தவரையும் சேர்த்து, அவர் ஐந்து பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டார். ஆளாளுக்கு ஒரு பாடம் நடத்தினால் எந்தப் பிள்ளைதான் தேறும்?

2009 டிசம்பரில் ஷெரில் ரீவை நியமித்தார்கள். டெட்ராய்ட் ஷாக் அணியில் துணைப் பயிற்சியாளராக இருந்து 2006, 2008 கோப்பைகளில் பங்கெடுத்தவர். இங்கே அவருடைய முதல் சீசன் 13 வெற்றி, 21 தோல்வி என்று முடிந்தது. நிர்வாகம் பதறவில்லை. அடுத்த ஆண்டே 27 வெற்றி, 7 தோல்வி, கோப்பை. பதினைந்து ஆண்டுகள் தாண்டியும் லிங்ஸின் பயிற்சியாளர் ரீவ்தான்.

படி 2: மையத்தைக் கட்டுங்கள்

மையம் என்று நான் சொல்வது, ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் இருக்கப்போகும் நான்கு பேரை. லிங்ஸுக்கு அந்த நான்கு பேரும் வெவ்வேறு வாசல் வழியாக வந்தார்கள்.

அகஸ்டஸ் ஏற்கெனவே வீட்டில் இருந்தார். இரண்டாவது ரெபெக்கா பிரன்சன். 2005-ல் கோப்பை வென்ற சாக்ரமென்டோ மோனார்க்ஸ் 2009-ல் மூடப்பட்டது. அந்த அணியின் வீராங்கனைகளை மற்ற அணிகள் பங்கிட்டுக்கொண்டபோது லிங்ஸ் இவரை எடுத்தது. ரீபவுண்ட், அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பறிப்பது, அவருடைய வேலை. அலுக்காமல் செய்வார்.

மூன்றாவது லின்ட்சே வேலன். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் என் கணக்கில் லிங்ஸின் மிகப் பெரிய முடிவு இதுதான். 2010 டிராஃப்டின் முதல் இடம் லிங்ஸ் கையில் இருந்தது. அதையும் ரெனே மான்ட்கோமரி என்ற கார்டையும் கனெக்டிகட் சன் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு வேலனையும் அதே டிராஃப்டின் இரண்டாவது இடத்தையும் வாங்கினார்கள். கனெக்டிகட் அந்த முதல் இடத்தில் டீனா சார்ல்ஸை எடுத்தது. சார்ல்ஸ் 2012-ல் லீகின் மிகச் சிறந்த வீராங்கனை விருதை வாங்கினார். தாளில் பார்த்தால் லிங்ஸ் ஏமாந்தது போலத்தான் இருக்கும். ஆனால் வேலன் பிறந்து வளர்ந்தது மினசோட்டாவின் ஹட்சின்சனில், படித்தது மினசோட்டா பல்கலைக்கழகத்தில். அவர் வந்தால் ஊரே அரங்குக்கு வரும். அதைவிட முக்கியமானது, அவர் தான் பாயின்ட் எடுப்பதைவிட மற்றவர்களுக்குப் பந்தைக் கொடுப்பதில் சந்தோஷப்படுகிறவர். 2011, 2012 இரண்டு ஆண்டுகளும் லீகிலேயே சராசரியாக அதிக அசிஸ்ட், அதாவது மற்றவர் பாயின்ட் எடுக்க வழிசெய்த பாஸ், அவருடையதுதான். புதிதாக அணி கட்டுகிறவர்கள் மதிப்பு அதிகமான ஆளைத் தேடுவார்கள். லிங்ஸ் தன்னிடம் இல்லாத ஆளைத் தேடியது.

நான்காவது மாயா மோர். கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்காக இரண்டு தேசியப் பட்டங்கள் வென்றவர். 2011 டிராஃப்டில் முதல் இடம் லாட்டரியில் லிங்ஸுக்கு விழுந்தது. அது அதிர்ஷ்டம்தான், மறுக்கவே வேண்டாம். ஆனால் அவர் வந்து இறங்கியபோது மற்ற மூன்று பேரும் தயாராக இருந்தார்கள் என்பது அதிர்ஷ்டத்தில் சேராது.

படி 3: பந்தைப் பங்கிடுங்கள்

பந்து ஒன்று, நட்சத்திரங்கள் நான்கு. பெரும்பாலான அணிகள் உடைவது இங்கேதான்.

மோர் தன் முதல் ஆண்டில் ஆட்டத்துக்கு சராசரி 13.2 பாயின்ட்தான் எடுத்தார். வேறு அணியாக இருந்தால் முதல் நாளிலிருந்தே இருபது கேட்டிருப்பார்கள். அந்த ஆண்டு இறுதித் தொடரின் சிறந்த வீராங்கனை அகஸ்டஸ். 2013-ல் அதே விருது மோருக்கு. 2015, 2017-ல் அது பின்னால் வந்து சேர்ந்த சில்வியா ஃபௌல்ஸுக்குப் போனது. நான்கு கோப்பைக்கு மூன்று வெவ்வேறு பெயர்கள். எதிரணி யாரைத் தடுப்பது என்று முடிவு செய்வதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போய்விடும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு பயிற்சி சொல்கிறேன். இணையத்தில் லிங்ஸின் பழைய ஆட்டம் எதையாவது எடுத்து, பந்தைப் பார்க்காமல் பிரன்சனை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். மோரைத் துரத்தி வரும் எதிரணி ஆளின் வழியில் அவர் தூண் போல நிற்பார். இதற்கு ஸ்க்ரீன் என்று பெயர். அந்த அரை விநாடியில் மோர் விடுபட்டு வெளியே வர, வேலனின் பாஸ் சரியாகக் கைக்கு வரும். ஸ்கோர் பலகையில் பிரன்சனின் பெயர் ஏறாது. ஆனால் அவருடைய மோனார்க்ஸ் காலத்துக் கோப்பையையும் சேர்த்து, லிங்ஸில் ஆடி முடித்தபோது அவரிடம் ஐந்து கோப்பைகள் இருந்தன.

படி 4: தோல்வியைப் படித்து, ஒரே ஒரு இடத்தை மாற்றுங்கள்

இப்போது தாளை எடுங்கள். ஐந்து கட்டம் போட்டு வேலன், அகஸ்டஸ், மோர், பிரன்சன் என்று நான்கில் எழுதுங்கள். ஐந்தாவது சென்டர். அந்தக் கட்டத்தில் பென்சிலால் எழுதுங்கள், அழிக்க வேண்டியிருக்கும்.

2011-ல் அங்கே டாஜ் மெக்வில்லியம்ஸ்-ஃபிராங்க்ளின். நாற்பது வயது, எல்லாருக்கும் அம்மா மாதிரி. அப்போது இறுதி என்பது ஐந்து ஆட்டத் தொடர், முதலில் மூன்று வென்ற அணிக்குக் கோப்பை. அட்லான்டா டிரீமை 3-0 என்று வீழ்த்திக் கோப்பை. 2012-ல் இன்டியானா ஃபீவரிடம் 3-1 என்று தோற்றார்கள், டாஜும் ஓய்வு பெற்றார்.

2013-க்கு நியூயார்க்கிடமிருந்து ஜனெல் மெக்கார்வில். உயரத்தில் பெரிய சென்டர் அல்ல, ஆனால் அருமையாகப் பாஸ் கொடுப்பார். கல்லூரியில் வேலனோடு ஆடியவர். 2004-ல் இருவரும் மினசோட்டா பல்கலைக்கழகத்தைத் தேசிய அரையிறுதி வரை கொண்டுபோனவர்கள். பழகிய கண்கள், சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. அந்த ஆண்டு பிளே-ஆஃபில் ஆடிய ஏழு ஆட்டத்திலும் வெற்றி. 2014-ல் ஃபீனிக்ஸ் மெர்க்குரியிடம் தோற்றார்கள். மோர் லீகின் சிறந்த வீராங்கனையாக இருந்தும் வளையத்துக்கு அடியில் பலம் போதவில்லை.

2015 நடுவில் சில்வியா ஃபௌல்ஸ். சிகாகோ ஸ்கை அணிக்கு ஆட மறுத்து, சீசனின் முதல் பாதி முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தவர். மூன்று அணிகள் சேர்ந்த பேரத்தில் லிங்ஸுக்கு வந்தார். இன்டியானாவை 3-2 என்று வென்ற அந்த இறுதித் தொடரின் சிறந்த வீராங்கனை அவர்தான். மூன்றாவது ஆட்டத்தில் 1.7 விநாடி மிச்சம் இருந்தபோது பந்தை வாங்கி மோர் போட்ட கடைசி மூன்று பாயின்ட் ஷாட்டையும் தேடிப் பாருங்கள். 80-77.

நான்கு பேர் அப்படியே இருந்தார்கள், ஒரு கட்டம் மட்டும் மாறியது. எனக்கு இந்த அணியில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

படி 5: மாற்றக் கூடாத தோல்வி எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2016 இறுதியின் ஐந்தாவது ஆட்டம், லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸுக்கு எதிராக. மூன்று விநாடி சொச்சம் இருக்கும்போது நெகா ஒக்வுமிகே பந்தைப் பறித்துப் போட்டு 77-76 என்று வென்றார். அதற்குச் சற்று முன் அவர் போட்ட ஒரு ஷாட், ஷாட் போட ஒரு அணிக்குத் தரப்படும் 24 விநாடிக் கெடு முடிந்த பிறகு கையை விட்டுப் போனது என்று லீகே பின்னால் ஒத்துக்கொண்டது.

இந்தத் தோல்வியைப் பார்த்து அணியைக் கலைத்திருக்கலாம். வயதும் ஏறிக்கொண்டிருந்தது. ரீவ் கலைக்கவில்லை. அதே ஐந்து பேர், அதே ஸ்பார்க்ஸ், மறுபடியும் ஐந்தாவது ஆட்டம். 2017-ல் 85-76 என்று வென்றார்கள். அந்த ஒரு ஆட்டத்தில் ஃபௌல்ஸ் பறித்த ரீபவுண்ட் 20. 2012, 2014 தோல்விகள் ஒரு ஓட்டையைக் காட்டின. 2016 தோல்வி எதையும் காட்டவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஸ்கோர் போதாது, ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

படி 6: உடம்பையும் ஊரையும் கவனியுங்கள்

அந்தக் காலத்தில் லீகின் உச்ச சம்பளமே ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதனால் குளிர்காலத்தில் ரஷ்யா, சீனா, துருக்கி என்று போய் ஆடுவார்கள். வருஷம் முழுக்க ஓய்வே இருக்காது. ஃபீனிக்ஸின் டயானா டொராசி, அவருடைய ரஷ்யக் கிளப்பே பணம் கொடுத்து ஓய்வெடுக்கச் சொன்னதால் 2015 சீசனையே விட்டுவிட்டார். அணி கட்டும்போது இந்தக் களைப்பையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஊர் விஷயம் இன்னும் பெரிது. ஹூஸ்டன் காமெட்ஸ் என்ற அணி லீகின் முதல் நான்கு கோப்பைகளையும், 1997 முதல் 2000 வரை, தொடர்ந்து வென்றது. 2008-ல் வாங்க ஆள் இல்லாமல் அந்த அணி மூடப்பட்டது. லிங்ஸின் 2017 ஐந்தாவது ஆட்டம் வழக்கமான டார்கெட் சென்டரில் நடக்கவில்லை, அங்கே புதுப்பிக்கும் வேலை நடந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் வில்லியம்ஸ் அரங்கில், வேலன் கல்லூரிப் பெண்ணாக ஆடிய அதே தரையில் நடந்தது. அரங்கம் நிறைந்திருந்தது.

படி 7: எல்லாரும் போன பிறகு

சரி, அந்த ஐந்து பேருக்கும் வயதாகிவிட்டது. 2018-ல் வேலன் ஓய்வு. தலைக் காயத்தால் பிரன்சனும் நின்றுவிட்டார். 2019-ல் மோர், தவறாகத் தண்டிக்கப்பட்டதாக அவர் நம்பிய ஜோனதன் ஐரன்ஸ் என்பவரைச் சிறையிலிருந்து மீட்பதற்காக, உச்சத்தில் இருக்கும்போதே ஆட்டத்தை விட்டுப் போனார். 2020-ல் ஐரன்ஸ் விடுதலையானார். அகஸ்டஸ் வேறு அணிக்குப் போனார். 2022-ல் ஃபௌல்ஸும் விடைபெற்றார். அந்த ஆண்டு 14 வெற்றி, 22 தோல்வி, பிளே-ஆஃப் இல்லை.

ரீவ் மறுபடி இரண்டாவது படியிலிருந்து தொடங்கினார். 2019 டிராஃப்டின் ஆறாவது இடத்தில் எடுத்த நபீசா காலியரைச் சுற்றி அணியைக் கட்டினார். கோர்ட்னி வில்லியம்ஸ், அலனா ஸ்மித் என்று மற்ற அணிகள் தங்கம் என்று நினைக்காதவர்களைச் சேர்த்தார். 2024-ல் 30 வெற்றி, 10 தோல்வி, மறுபடியும் இறுதிப் போட்டி. நியூயார்க் லிபர்ட்டியிடம் ஐந்தாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் 67-62 என்று தோற்றார்கள்.

பிரன்சன் 2020-லேயே துணைப் பயிற்சியாளராகத் திரும்பி வந்திருந்தார். 2025-ல் வேலனும் அதே பெஞ்சில் வந்து சேர்ந்தார். உங்கள் தாளில் ஐந்து கட்டத்துக்குக் கீழே இன்னொரு கோடு போட்டு, அந்த இரண்டு பெயர்களையும் அங்கே எழுதிக்கொள்ளுங்கள்.