ரெண்டே பேர், ஒரு கிடார், ஒரு டிரம்ஸ்

எங்கள் பேண்டில் நானும் என் அத்தை மகனும் மட்டும்தான். கிடாரும் பாட்டும் என்னுடையது, டிரம்ஸ் அவனுடையது. மதுரையிலிருந்து திண்டுக்கல், திருச்சி, கொடைக்கானல் என்று பஸ்ஸிலேயே போய் வாசித்துவிட்டு வருகிறோம். "அடிச்சுருதி கொடுக்கிற பேஸ் கிடார் இல்லாமல் எப்படிண்ணே?" என்று கேட்கிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் காதைப் பழக்குங்கள். அமெரிக்காவின் வடக்கு மிசிசிப்பியைச் சேர்ந்த புளூஸ் பாடகர்களான ஆர்.எல். பர்ன்சைட், ஜூனியர் கிம்ப்ரோ இருவரையும் தேடிக் கேளுங்கள். பல பாட்டுகளில் கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) மாறவே மாறாது. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி கீழ்ச்சுருதிக் கம்பி ஒன்று ஓயாமல் அதிர, அதன் மேலேயே பாட்டு நடக்கும். 2001இல் ஓஹையோவின் ஆக்ரனில் தொடங்கிய பிளாக் கீஸ் என்ற இருவர் பேண்டு குடித்தது இந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான். 1997இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய இன்னொரு இருவர் பேண்டான வைட் ஸ்ட்ரைப்ஸில் மெக் வைட் டிரம்ஸ் வாசித்ததையும் கேளுங்கள். அவர் எங்கெல்லாம் அடிக்காமல் விடுகிறார் என்று கவனித்த பிறகுதான் எங்களுக்கு வழி தெரிந்தது.

அப்புறம் கிடார். 6, 5, 1 ஆகிய மூன்று கம்பிகளையும் (6 தடித்தது, 1 மெல்லியது) ஒரு முழு டோன், அதாவது இரண்டு ஃப்ரெட் அளவு, இறக்குங்கள். டி, ஜி, டி, ஜி, பி, டி என்று வரும். விரலே வைக்காமல் மீட்டினால் ஜி மேஜர். கம்பி தொளதொளவென்று இருந்தால் 11 அல்லது 12 கேஜ் என்கிற கொஞ்சம் தடித்த செட் போடுங்கள்.

கிடாரிலிருந்து வரும் சிக்னலை ஒரு ஸ்ப்ளிட்டர் பெட்டியில் இரண்டாகப் பிரித்து, ஒன்றை கிடார் ஆம்ப்புக்கும் (ஒலிபெருக்கி) இன்னொன்றை, சுருதியை ஒரு ஸ்தாயி கீழே இறக்குகிற ஆக்டேவ் பெடல் வழியாக பேஸ் ஆம்ப்புக்கும் விடுங்கள். விலை குறைந்த ஆக்டேவ் பெடல் தனி நோட்டைத்தான் ஒழுங்காகப் பிடிக்கும். கார்டு அடித்தால் கொழகொழத்துவிடும். அதனால் ரிஃப் (திரும்பத் திரும்ப வருகிற சின்ன மெட்டு) வாசிக்கும்போது மட்டும் அதை மிதியுங்கள். இரண்டு ஆம்ப்பையும் ஒரே பிளக் பாயிண்ட்டிலிருந்து எடுத்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். அடங்கவில்லை என்று எர்த் பின்னை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள், உயிர் முக்கியம்.

பேஸ் இல்லையே என்று டிரம்மர் பயந்து இடைவெளியையெல்லாம் அடித்து நிரப்ப ஆரம்பித்தால் பாட்டு செத்துவிடும். காலால் மிதிக்கிற கிக், சின்ன ஸ்னேர், காலூன்றி நிற்கிற ஃப்ளோர் டாம், ஜோடி சிம்பலான ஹைஹேட், ஒரு கிராஷ் சிம்பல், அவ்வளவு போதும். என் கட்டைவிரல் 5ஆம் கம்பியில் விழுகிற இடத்தில்தான் அவன் கிக் விழும். டிரம்ஸைப் பின்னால் தள்ளிவிடாமல் மேடையின் முன் ஓரத்தில், பக்கவாட்டில் போடுங்கள். நையாண்டி மேளத்தில் தவில்காரர் நாதஸ்வரக்காரர் முகத்தைப் பார்த்தே தீர்மானத்துக்கு (முடிப்பு அடிக்கு) வருவதை ஊர்த் திருவிழாவில் பார்த்திருப்பீர்கள். நான் அவன் வலது காலைப் பார்ப்பேன், அவன் என் தோளைப் பார்ப்பான். நாங்கள் ஒன், டூ எண்ணுவதே இல்லை.

மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், வழவழ டைல்ஸ் மேடை. இரண்டாவது பாட்டிலேயே கிக் டிரம் ஒவ்வொரு மிதிக்கும் ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்தது. அவன் ஸ்டூலோடு சேர்ந்து நகர்ந்தான், பாதிப் பாட்டில் கால் எட்டவில்லை. அன்றிலிருந்து ஜமுக்காளம் இல்லாமல் கிளம்புவதில்லை. ஸ்டூலும் அதன் மேல்தான் இருக்க வேண்டும். ஸ்டூல் காலிலிருந்து கிக் வளையத்துக்கு ஒரு நைலான் கயிறு கட்டினால், டிரம்மரின் எடையே டிரம்மைப் பிடித்துக்கொள்ளும்.

பஸ்ஸுக்கு: ஃப்ளோர் டாமின் ஒரு பக்கத் தோலைக் கழற்றி அதற்குள் ஸ்னேரை வையுங்கள், சுற்றிலும் பழைய வேட்டி. கிக்கின் ஒரு பக்கத்தையும் கழற்றி, அந்த டாமை உள்ளே இறக்குங்கள். மூன்று டிரம் ஒரு மூட்டையாகிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் கிடாரை டிக்கியில் போடாதீர்கள், சூட்டில் பசை இளகும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் ஏறி இறங்கினால் சுருதி எப்படியும் கலையும், வாசிப்பதற்கு அரை மணி முன்பே பெட்டியைத் திறந்து வைத்துவிடுங்கள்.

ராத்திரி மாட்டுத்தாவணியில் இறங்கியதும் டீ சொல்வதற்கு முன் நாங்கள் எண்ணுவது ஐந்து: மூட்டை, சிம்பல் பை, கிடார், பெடல் பெட்டி, ஜமுக்காளம். தோலை இறுக்குகிற டிரம் சாவி அவன் கழுத்துக் கயிற்றில் தொங்கும்.