புளிச்சையைப் புரட்டாசியில் விதைக்காதீர்கள்

கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் போன வாரம் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆறு குரோபேக். ஒவ்வொன்றிலும் முழங்காலுக்குக் கீழே நிற்கும் புளிச்சைக் கீரைச் செடி. அத்தனையிலும் மொட்டு. "பாருங்க ஆன்ட்டி, ஒன்றரை மாசத்துலயே பூக்கப் போகுது!" அவள் முகமெல்லாம் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2017இல் இதே மாடியில் இதே மாதிரி சிரித்துக்கொண்டு நின்றவள் நான்.

தண்ணீரை அளவாக ஊற்றுங்கள், பைக்கு அடியில் ஓட்டை போடுங்கள், வெயில் படும் இடமாகப் பார்த்து வையுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் காசையும் காலத்தையும் தொலைத்துக் கற்றுக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன். கீழே வரும் தலைப்புகள் எல்லாம் செய்யக்கூடாத தவறுகள்.

சென்னையில் ருபார்ப் வளர்க்க நினைப்பது

அந்தப் பெண் புளிச்சைக்கு வந்ததே ருபார்ப் வழியாகத்தான். புளிப்பான தண்டுக்காக வளர்க்கும் குளிர்நாட்டுச் செடி அது. அவள் கணவர் இரண்டு வருடம் இங்கிலாந்தில், லீட்ஸில் வேலை பார்த்தவர். அங்கே வேக்ஃபீல்ட் பக்கம் கும்மிருட்டுக் கொட்டகைக்குள் ருபார்ப் வளர்த்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பறிப்பார்கள். வெளிச்சம் பட்டால் தண்டு முற்றிவிடும். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் பாதுகாப்பே கொடுத்திருக்கிறது. சர்க்கரை போட்டு வேகவைத்த அந்தத் தண்டின் புளிப்பு மனிதருக்கு நாக்கிலேயே நின்றுவிட்டது. ஆன்லைனில் 300 ரூபாய்க்கு விதை வாங்கிப் போட்டார்கள். ஐந்து முளைத்தன. இரண்டு வாரத்தில் ஐந்தும் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன.

சாயாமல் இருந்தாலும் பயன் இல்லை. ருபார்பின் கிழங்கு குளிர்காலத்தில் தூங்கி எழ வேண்டிய ஜாதி. 5 டிகிரிக்குக் கீழே வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் அடுத்த தளிர் கனமாக வரும். நமக்கு மார்கழி விடியலே 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அக்னி நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாம் கீரை தின்னும் ஜனம். ருபார்பில் தண்டு மட்டும்தான் உணவு. இலை விஷம், ஆக்ஸாலிக் அமிலம் அவ்வளவு இருக்கிறது. தண்டைக் கிள்ளி எறிந்துவிட்டு இலையை மசிப்பது நம் கைப்பழக்கம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வீட்டுக்குப் போய், தோட்டத்தில் அகல அகலமாக இலையைப் பார்த்துக் கடையல் செய்யக் கிளம்பிவிடாதீர்கள்.

அந்தப் புளிப்புக்கு நம் ஊர் மாற்று புளிச்சை. இலையைச் சொல்லவில்லை. பூ வாடி விழுந்த பிறகு விதைக்காயைச் சுற்றிச் சிவப்பாகப் பருத்து நிற்குமே, அந்த மடல். சர்க்கரையோடு கொதிக்கவைத்தால் நிறமும் புளிப்பும் ருபார்புக்கு வெகு பக்கத்தில் வரும். இதை அவளுக்குச் சொன்னவளே நான்தான். எப்போது விதைக்க வேண்டும் என்று சொல்லத்தான் மறந்துபோனேன்.

நல்ல நாள் பார்த்து விதைப்பது

2017இல் நான் விதைத்தது விஜயதசமி அன்று. செப்டம்பர் 30. எதைத் தொடங்கினாலும் துலங்கும் நாளாயிற்றே! 12 பை, செம்மண், மண்புழு உரம், கோகோபீட், இரண்டு மாடி ஏற்றிய கூலி எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்கு மேல் ஆனது. மழை தொடங்கியது, முளைப்பும் அருமை. நவம்பர் நடுவில் செடி முழங்கால் உயரம்கூட இல்லை, மொட்டு கட்டிவிட்டது. வெளிர்மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு. காலையில் விரிந்து சாயங்காலத்துக்குள் சுருங்கிவிடும். தினமும் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

செடிக்கு நாலைந்து காய். அதோடு சரி. கிளை இல்லை, இலையும் விரல் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. மொத்த அறுவடையும் ஒரு டம்ளரில் அடங்கியது.

சத்துப் போதவில்லை என்றார்கள். கடலைப் புண்ணாக்கைப் புளிக்கவைத்து ஊற்றினேன். நாற்றம் தாங்காமல் எதிர் பிளாட்காரர் அசோசியேஷன் கூட்டத்தில் என் பெயரை எடுத்தார். பூச்சி என்றார்கள். தெளித்தேன். ஒரு கடைக்காரர் டானிக் பாட்டில் ஒன்றை 350 ரூபாய்க்குத் தலையில் கட்டினார். கடைசியில் விதைதான் மோசம் என்று முடிவுகட்டி, வேறு இடத்தில் வாங்கிக் கார்த்திகையில் மறுபடி போட்டேன். அது ஒரு சாண் வளர்வதற்குள்ளேயே மொட்டு வைத்தது.

நடந்தது என்ன என்று காட்டிக்கொடுத்தவை இரண்டே செடிகள். இடம் போதாமல் இரண்டு பைகளை மாடிப்படி அறையின் வாசலில் வைத்திருந்தேன். தலைக்கு மேலே இரவெல்லாம் எரியும் எல்இடி விளக்கு. அதே பாக்கெட் விதை, அதே மண். மற்ற பத்தும் பூத்து ஓய்ந்தபோது இவை இரண்டும் இடுப்பு உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றன, ஒரு மொட்டு இல்லாமல். மலட்டுச் செடி என்று பிடுங்கப் போனேன். நல்லவேளை, சோம்பலில் விட்டுவிட்டேன். மார்கழியில் விளக்கு ஃபியூஸ் போனது. மாற்றுவது யார் பொறுப்பு என்ற பஞ்சாயத்தில் மூன்று வாரம் ஓடியது. அந்த மூன்று வாரத்து இருட்டில் இரண்டு செடியும் கணுவுக்குக் கணு மொட்டு வைத்தன.

புளிச்சை தன் வயதைப் பார்த்துப் பூப்பதில்லை, இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிறது. சென்னையில் ஆனி மாதத்துப் பகல் கிட்டத்தட்ட 13 மணி நேரம். மார்கழியில் 11 மணி 20 நிமிடத்துக்குச் சற்று மேல். இடையில் ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான், நமக்கு உறைக்கவே உறைக்காது. செடிக்கு அதுதான் காலண்டர். செப்டம்பர் கடைசியில் பகலும் இரவும் சமமாகி, அப்புறம் இரவு நீள நீள, வளர்ந்தது போதும் விதை வை என்று அதற்கு உத்தரவு போய்விடுகிறது. அப்போது ஆறடி இருந்தால் ஆறடியில் பூக்கும், ஒரு சாண் இருந்தால் ஒரு சாணில் பூக்கும். புண்ணாக்கோ டானிக்கோ அந்த உத்தரவை மாற்றாது.

ஆகவே மடல் வேண்டும் என்றால் வைகாசிக் கடைசியில் அல்லது ஆனியில் விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். ஆடி முதல் வாரம் கடைசி வண்டி. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவர்கள் கடிகாரம் வைத்துப் பகலை அளக்கவில்லை, ஆனால் கணக்கு சரியாக வருகிறது. புரட்டாசிக்குள் செடி இடுப்பைத் தாண்டிக் கிளை விட்டிருக்கும், ஐப்பசியில் பூக்கும், கார்த்திகை மார்கழியில் மடல் பறிக்கலாம். இப்போது ஒரு செடியிலேயே எனக்கு ஒரு முறம் நிறைகிறது.

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம், விதைப் பாக்கெட்டுகளின் பின்னால் இருக்கும் 'ஆண்டு முழுவதும் விதைக்கலாம்' என்ற வரி மீதுதான். கீரைக்கு என்றால் அது சரி. பங்குனியில் போட்டால் பகல் நீண்டுகொண்டே போகும், மாதக்கணக்கில் இலை பறிக்கலாம். ஆனால் பாக்கெட்டின் முன்பக்கம் இருப்பது சிவப்பு மடல் படம். படத்தைப் பார்த்து வாங்கி வரியைப் பார்த்து விதைக்கிறவருக்கு ஒரு வருடம் போச்சு. பணம் போனால் அடுத்த மாதம் வரும். தவறவிட்ட ஆனிக்கு அடுத்த ஆனி வரை காத்திருக்க வேண்டும்.

எந்தப் புளிச்சை என்று பார்க்காமல் வாங்குவது

கீரைக்கும் நாருக்கும் வளர்க்கும் வகைகளில் மடல் மெலிந்து தோலாக இருக்கும். விதை வாங்கும்போது காய் பருக்கும் சிவப்பு வகைதானா என்று கேளுங்கள்.

ஆவணிக்குப் பிறகு நுனி கிள்ளுவது

ஒரு முழம் வந்ததும் கிள்ளுங்கள், கிளைக்கும். ஆவணிக்குப் பிறகு கை வைக்காதீர்கள். அதற்குப் பிறகு கிள்ளுவதெல்லாம் மொட்டு வரவேண்டிய இடம்.

செம்பருத்திக்குப் பக்கத்தில் வைப்பது

இரண்டும் ஒரே குடும்பம். மாவுப்பூச்சிக்கு அது பக்கத்து வீடு.

பருப்போடு சேர்த்துக் குக்கரில் போடுவது

இனி சமையலறை. மற்ற கீரையை எல்லாம் துவரம்பருப்போடு சேர்த்து நாலு விசில் விட்டுப் பழகிய கை இதையும் அப்படியே போட்டுவிடும். பருப்பு கல்லாக நிற்கும். இன்னும் நாலு விசில் விட்டால் கீரை கூழாகும், பருப்பு அப்போதும் முழிக்கும். புளிப்பில் பருப்பு வேகாது. சாம்பாரில் பருப்பு வெந்த பிறகு புளிக்கரைசல் சேர்ப்பது எதற்காக? அதேதான் இங்கேயும். பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்து, கீரையை நல்லெண்ணெயில் பச்சை மிளகாய், பூண்டோடு வதக்கி அப்புறம் சேருங்கள். கீரை சட்டியில் விழுந்த இரண்டாவது நிமிடமே பச்சை போய்ப் பழுப்பாகிவிடும். அது கெட்டுப்போனதல்ல, அதன் குணம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், அதன் ஈரமே போதும்.

புளியும் சேர்க்காதீர்கள். இதை எழுத வேண்டியிருக்காது என்றுதான் நினைத்தேன், என் நாத்தனார் வீட்டில் சாப்பிடும் வரை.

அலுமினியச் சட்டி

கூடாது. எவர்சில்வர் அல்லது மண்சட்டி.

ஈர இலையில் தொக்கு

மூன்றாம் நாள் வெள்ளைப் பூசணம் பிடித்தால் உப்பையும் எண்ணெயையும் திட்டாதீர்கள். கழுவிய இலையைப் பழைய வேட்டியில் பரப்பி, ராத்திரி முழுக்க ஃபேனுக்குக் கீழே விடுங்கள். காலையில் இலை துவண்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும். ஐப்பசி மழை நாளில் சென்னைக் காற்றில் ஒரு ராத்திரி பத்தாது, இரண்டு வேண்டும்.

ஜாமை அடுப்பிலேயே கெட்டியாக்குவது

மடலின் அடியைக் கத்தியால் வட்டமாக நறுக்கி, உள்ளே இருக்கும் பச்சைக் காயை மேல்பக்கமாகத் தள்ளி எடுங்கள். மை தீர்ந்த பேனாவின் வெறும் கூடு இதற்கு நன்றாக உதவும். மூழ்கும் அளவு தண்ணீரில் வேகவைத்து, ஒரு கப் விழுதுக்கு முக்கால் கப் சர்க்கரை. இதில் பெக்டின் தானாகவே நிறைய இருக்கிறது, எலுமிச்சையும் வேண்டாம், கடையில் விற்கும் பொடியும் வேண்டாம்.

தவறு நடப்பது கடைசி ஐந்து நிமிடத்தில். இன்னும் ஓடுகிறதே, இன்னும் ஓடுகிறதே என்று கிண்டிக்கொண்டே இருப்போம். இது ஆறும்போதுதான் இறுகும். அடுப்பில் இருக்கும்போதே ஜாம் பதம் வந்துவிட்டால் மறுநாள் பாட்டிலில் இருப்பது கமர்கட். என்னிடம் அப்படி ஒரு பாட்டிலும் அதற்குள் நிரந்தரமாக நிற்கும் ஸ்பூனும் உண்டு. ஃபிரிஜ்ஜில் ஒரு சின்னத் தட்டை வையுங்கள். அதில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் உடனே இறக்கிவிடுங்கள்.

போன மார்கழியில் போட்ட பாட்டில் ஒன்று மிச்சமிருந்தது. கீழ் வீட்டு லீட்ஸ்காரருக்குக் கொடுத்தேன். மாரி பிஸ்கெட்டைப் பொடித்து மேலே தூவிச் சாப்பிட்டுவிட்டு, "லீட்ஸ் இல்ல. ஆனா பரவாயில்ல ஆன்ட்டி" என்றார்.

எல்லாக் காயையும் பறித்துவிடுவது

செடிக்கு இரண்டு காயை விட்டுவைத்து, பழுப்பேறித் தானாக வெடிக்கத் தொடங்கும்போது எடுங்கள். அதுதான் அடுத்த வருட விதை. எந்த மாதம் விதைப்பது என்று பொட்டலத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு பொட்டலம் கொடுத்தேன். மேலே 'ஆனி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். "அது வரைக்கும் எப்படி ஆன்ட்டி... ஒண்ணே ஒண்ணு இப்பவே போட்டுப் பார்க்கட்டுமா?"

"போடு," என்றேன். "மாடிப்படி லைட்டுக்குக் கீழே வை. கீரையாவது கிடைக்கும்."