பிரஷருக்குத் தயிர்: உறை ஊற்றுவது முதல் அளந்து பார்ப்பது வரை

பால் புளிக்கும்போது அதிலுள்ள கேசீன் புரதத்தை லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைக்கின்றன. இவைதான் பெப்டைடுகள். ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் 2 உருவாக ஏ.சி.இ. என்ற நொதி தேவை. சில பெப்டைடுகள் அதைத் தடுக்கும். எனலாப்ரில், ராமிப்ரில் மாத்திரைகளும் அதே நொதியைத்தான் தடுக்கின்றன, பல மடங்கு வலுவாக. ஹெல்வெடிகஸ் வகை பாக்டீரியாவால் புளிக்கவைத்த பாலைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சிலருக்குப் பிரஷர் சில புள்ளிகள் இறங்கியது, சிலருக்கு ஒன்றுமே இல்லை. வீட்டு உறைமோரில் அந்த வகை இருக்கும் என்று நம்பவும் முடியாது. ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டுத் தயிரை நம்புவது ஆபத்து.

அரை லிட்டர் பாலைப் பொங்கக் காய்ச்சி, விரல் வைத்தால் இதமாக இருக்கும் 40–42 டிகிரிக்கு ஆறவிட்டு, ஒரு டீஸ்பூன் தயிரைக் கரைத்து விடுங்கள். சூடாக ஊற்றினால் பாக்டீரியா செத்துவிடும். சேலத்துச் சித்திரையில் அஞ்சாறு மணி நேரத்தில் உறைந்துவிடும். ஏற்காட்டு மார்கழி இரவில் திறந்த அடுப்புமேடையில் வைத்தால் விடிந்தும் பாலாகவே கிடக்கும், இல்லையென்றால் நூல் நூலாக இழுக்கும். அங்கே ஹாட்பாக்ஸில் ஊற்றி மூடி, கம்பளியால் சுற்றி 10–12 மணி நேரம் விடுங்கள்.

மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை வடித்துக் கொட்டாதீர்கள். கரைந்த பெப்டைடுகள் அதில்தான் அதிகம். மோர்க்குழம்பில் கொதித்தாலும் அவை பெரிதாகக் கெடாது, சாவது பாக்டீரியாதான்.

எல்லாம் கெடுவது உப்பில். ஒரு டீஸ்பூன் உப்பில் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம் சோடியம்; ஒரு நாளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவே அவ்வளவுதான். 100 மில்லி தயிருக்கு 200 மில்லி தண்ணீர், இஞ்சி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், சில சொட்டு எலுமிச்சை: உப்பில்லாமலே நாக்குக்கு எட்டும். மோரைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் தட்டுவடை செட்டும் மாங்காய் ஊறுகாயும் என்றால் கணக்கு நேராகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தயிர் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலன் உண்டா என்று அளந்துதான் பார்க்க வேண்டும். காலையில் காபிக்கும் மாத்திரைக்கும் முன், முதுகைச் சாய்த்து 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கால் மேல் கால் வேண்டாம். சட்டைக்கை மேல் பிரஷர் கருவியின் பட்டையைக் கட்டாதீர்கள், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, மாலையிலும் அப்படியே, 7 நாள். முதல் நாளை விட்டு மீதிக்குச் சராசரி. சில வாரம் கழித்து மறுபடி ஒரு வாரம். 180/120 தாண்டி, நெஞ்சுவலியோ பேச்சுக் குழறலோ இருந்தால் மோர் கலக்க நேரமில்லை, உடனே 108.