சேலத்திலிருந்து வளர்ப்பு நாயுடன் பயணம்: தடுப்பூசியும் சான்றிதழும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கோ வெளியூருக்கோ வளர்ப்பு நாயை அழைத்துச் செல்ல நினைப்பவர்கள், விடுதியில் அறை பதிவு செய்வதற்கு முன் அதன் தடுப்பூசி அட்டையை எடுத்துத் தேதிகளைப் பார்க்க வேண்டும். மற்ற ஏற்பாடுகளை ஓரிரு நாளில் முடித்துவிடலாம். ரேபிஸ் நோயைத் தடுக்கும் ஆற்றல் மட்டும் ஊசி போட்ட அன்றே உடலில் உருவாகிவிடாது. மூன்று மாத வயதில் போடப்படும் முதல் ஊசி முழுப் பலன் தர ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், அதற்குள் குட்டியை வெளியூர் கொண்டு செல்லாமல் இருப்பதே நல்லது. வளர்ந்த நாய்க்கு மருத்துவர் குறித்த தேதியில் மறு ஊசி போடப்பட்டிருக்க வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய்கள், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியும் அவ்வாறே. மழைக்காலத்தில் மலையில் தேங்கிய நீரை நாய் நக்கிக் குடிக்கும் என்பதால் எலிக்காய்ச்சல் ஊசியை விட்டுவிடக் கூடாது.

அடுத்தது, பயணத்துக்குத் தகுதியான உடல்நிலையில் நாய் இருக்கிறது என்று பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் தரும் சான்றிதழ். 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள், நாய்களை அனுப்பும்போது தொற்றுநோய் அறிகுறி இல்லை என்று கூறும் இத்தகைய சான்றிதழ் உடன் இருக்க வேண்டும் என்கின்றன. நிறைசினையாக உள்ள நாயைக் கொண்டு செல்லவும் அவை தடை விதிக்கின்றன. தேவையற்ற துன்பம் தரும் வகையில் விலங்கை ஏற்றிச் செல்வது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். காரின் பின்பெட்டியில் நாயை அடைத்துச் செல்வோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். சான்றிதழைப் புறப்படுவதற்கு முந்தைய நாளிலோ அதற்குச் சற்று முன்போ பெறுவது நல்லது.

ரயிலில் குளிர்சாதன முதல் வகுப்பில், இருவருக்கான கூபே அல்லது நால்வருக்கான கேபின் முழுவதும் நம்முடையதாக இருந்தால் மட்டுமே நாயை உடன் வைத்துக்கொள்ள முடியும். இரண்டடுக்கு, மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டிகளிலும் படுக்கை வகுப்பிலும் அனுமதி இல்லை. மற்றபடி ரயில் கார்டு பயணிக்கும் கார்டு வேனில் உள்ள நாய்ப் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும். எந்த வழியானாலும் சேலம் சந்திப்பின் பார்சல் அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பதிவு செய்வது கட்டாயம். சித்திரை, வைகாசி வெயிலில் நாய்ப் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூக்கு தட்டையான பக் போன்ற இனங்கள் வெப்பத்தில் மூச்சுவிடவே திணறும்.

ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் பல நாய்களுக்கு வாந்தியை உண்டாக்கும். புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். வாந்தி மாத்திரை வேண்டுமானால் மருத்துவர் எழுதித் தந்ததை மட்டுமே தர வேண்டும், நாம் சாப்பிடும் மாத்திரையைத் தரக் கூடாது. பின் இருக்கையில் மார்புப்பட்டையைச் சீட் பெல்ட்டுடன் இணைத்துக் கட்டுங்கள்.

மேலே காபித் தோட்டங்களிலும் புல்வெளிகளிலும் நாயின் கயிற்றை அவிழ்த்து விடாதீர்கள். காட்டெருமைகள் ஊருக்குள்ளேயே வந்து போகும் மலை இது; குரைக்கும் நாயைக் கண்டு அவை மிரண்டால் நாய்க்கும் நமக்கும் ஆபத்து. உண்ணித் தடுப்பு மருந்தையும் பயணத்துக்குச் சில நாள் முன்பே மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிட வேண்டும். உண்ணி மூலம் பரவும் எர்லிக்கியோசிஸ், பபேசியோசிஸ் ஆகியவை உயிருக்கே உலை வைப்பவை. திரும்பி வந்ததும் காதுக்குள், விரலிடுக்கு, வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். அடுத்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், மலைக்குச் சென்று வந்ததைச் சொல்லி மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.